உருண்டையா, துளி ஷேப்பா?

கேள்வி: அக்கா வணக்கமுங்க. பல்லடம் பக்கம் எங்கூரு, வீட்டோட தறி போட்டிருக்கறோம். எனக்கு வயசு 46. தை மாசம் எடதுபக்க மார்பு முழுசா எடுத்தாச்சு, கீமோவும் முடிஞ்சுது, ரேடியேசன் வேணுமா வேண்டாமான்னு டாக்டருங்க பேசிட்டிருக்காங்க. திருப்பி மார்பு வெக்கலாம், சிலிகானா உப்புத்தண்ணியா, உருண்டையா துளி ஷேப்பா, ரோசன பண்ணிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. எங்க நங்கையா என்னடான்னா அத வெச்சா மறுபடி கேன்சர் வரும்ங்குது. என்னங்க பண்றது?

பதில்: வெசனப்படாதீங்க அம்மணி. பிளாஸ்டிக் சர்ஜரி வார்டுல ரொம்ப வருசம் நர்ஸா இருந்தவ சொல்றேன், உங்க நங்கையா சொன்னதுல கொஞ்சம் நெசம் இருக்குது, ஆனா மார்புக்குப் பதிலா உள்ள வெக்கற பைய இம்ப்ளாண்ட்டுன்னு சொல்லுவாங்க, எல்லா இம்ப்ளாண்ட்டுக்கும் அது பொருந்தாது.

துளி ஷேப்பு மேல சப்பையா கீழ உப்பலா பாக்க இயற்கையா இருக்கும், ஆனா உள்ள அது திரும்பிக்கிச்சுன்னா உப்பல் பக்கவாட்டுல போயிரும், அதனால சதை புடிச்சுக்கட்டும்னு மேல்பரப்ப சொரசொரன்னு பண்ணுவாங்க. அந்த சொரசொரப்புலதான் வெனை. அதைச் சுத்தி வளர்ற தழும்புச் சதையில, அபூர்வமாத்தான், லிம்போமாங்கற நோய் எதிர்ப்பு அணுக்கள்ல வர்ற ஒரு கேன்சர் வருது. இது மார்பு கேன்சர் இல்ல, வேற சாதி. 2019 ஜூலைல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்லி அலர்கன் கம்பெனி பயோசெல்ங்கற சொரசொரப்பு ரகத்த உலகம் பூரா திருப்பி எடுத்துக்கிச்சு. உருண்டை எப்படித் திரும்புனாலும் உருண்டைதானுங்க, அதனால வழவழப்பா இருந்தாலே போதும். என்னயக் கேட்டா வழவழ உருண்டைதான். எது வெச்சாலும் சரி, வருசக்கணக்கு கழிச்சு அந்தப் பக்கம் திடீர்னு வீங்குச்சுன்னா சும்மா இருக்காம ஓடிப்போயி காட்டிரோணும்.

உள்ள இருக்கற சரக்குல, உப்புத்தண்ணி ஓட்டையானா சைக்கிள் டியூப்பாட்ட சுருங்கி உடனே தெரிஞ்சுரும், அந்தத் தண்ணிய ஒடம்பே உறிஞ்சிக்கும். ஆனா மார்பெடுத்த எடத்துல தோல் மெல்லிசா இருக்கறதால மேல சுருக்கம் சுருக்கமாத் தெரியும். சிலிகான் தொட்டா சதையாட்டவே இருக்கும், கிழிஞ்சா மட்டும் வெளிய தெரியாது, அதனால அஞ்சாறு வருசத்துல ஒருக்கா அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ, அப்பறம் ரெண்டு மூணு வருசத்துக்கொருக்கா பாக்கோணும். ஆயுசுக்கும் ஒண்ணே போதும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, எடுத்து மாத்த வேண்டி வரலாம்.

இத்தனையும் பேசுனாலும் உங்க விசயத்துல மொதல்ல தெரிய வேண்டியது ரேடியேசன்தான். அது குடுத்த எடத்துல தோல் இறுகிப் போயிரும், இம்ப்ளாண்ட்ட சுத்தியிருக்கற தழும்பு கெட்டியாகி நெருக்கும், வலிக்கும், ஷேப்பு கோணிக்கும், புண்ணு ஆறவும் நாளாகும். ரேடியேசன் உண்டுன்னா வயித்துச் சதையையோ முதுகுச் சதையையோ எடுத்து வெக்கறதப் பத்திக் கேளுங்க. ஆபரேசன் பெருசு, தறிப்பக்கம் போக நாளாகும், ஆனா உங்க சொந்தச் சதை. ரேடியேசன் இல்லைன்னா மொதல்ல எக்ஸ்பாண்டர்னு ஒரு பலூன் வெச்சு, வாரம் ரெண்டு வாரத்துக்கொருக்கா ஊசியில உப்புத்தண்ணி ஏத்தித் தோல நிதானமா இழுத்து, அப்பறமாத்தான் இம்ப்ளாண்ட். பலூன் இருக்கறப்ப எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னா முன்னாடியே சொல்லிருங்க, பலதுல உள்ள காந்தம் இருக்கும்.

ஒண்ணுமே வேண்டாம்னாலும் குத்தமில்லைங்க, பிராவுக்குள்ள வெக்கற பேடு இருக்குது, பஞ்சு வெச்சுத் தெச்சுக்கற ஆளுங்களும் இருக்காங்க, பனியன் துணிக்கு நம்ம திருப்பூர்ல பஞ்சமா என்ன!

அடுத்த தடவ போறப்ப ரேடியேசன் உண்டா இல்லையான்னு கறாராக் கேட்டுட்டு அப்பறம் உருண்டைக்கு வாங்க, வீட்டுக்காரரயும் ஒட்டுக்காக் கூட்டிட்டுப் போங்க. இம்ப்ளாண்ட் வெச்சீங்கன்னா கம்பெனி பேரு, நம்பர் போட்ட கார்டு ஒண்ணு குடுப்பாங்க, ரேசன் கார்டோட அதையும் பத்திரமா வெச்சுக்கங்க.