நிறம் போச்சு, சரி; மற்றதெல்லாம்?

கேள்வி: டைட்டானியம் டை ஆக்சைடு தூளைப் போட்டு, ஒளி காட்டி, மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தை 2 மணி நேரத்தில் 95% சிதைத்துவிட்டேன். சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீரில் மட்டும் ஏன் பலிக்கவில்லை?

பதில்: சிதைத்ததாக யார் சொன்னது? சாயம் ஒளியை அதிகம் உறிஞ்சும் 664 நானோமீட்டரில் உச்சி இறங்கியது, அதாவது நிறம் குறைந்தது, அவ்வளவுதான். விளக்கைப் போடும் முன் அரை மணி இருட்டில் கலக்கினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாயம் தூளில் ஒட்டிக்கொண்டாலும் தண்ணீர் வெளுக்கும். இந்தச் சாயத்துக்கு வேறொரு குணமும் உண்டு: ஆக்சிஜன் குறைந்தால் நிறமற்ற லூக்கோ வடிவத்துக்குப் போய்விடும். பள்ளியில் செய்த நீலப் புட்டி சோதனை ஞாபகம் இருக்கிறதா? குளுக்கோஸும் காரமும் சேர்த்து வைத்தால் வெளுக்கும், குலுக்கினால் மறுபடி நீலம். உங்கள் குடுவையையும் ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். அசோ சாயத்தில் இன்னும் மோசம். அதற்கு நிறம் தரும் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும். மூலக்கூறின் மிச்சமான அரோமாட்டிக் (கார்பன்) வளையங்கள் அப்படியே தண்ணீரில் கிடக்கும். தண்ணீரில் கரிமப் பொருள் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மொத்தக் கரிமக் கார்பனை அளக்காமல் 'சிதைத்தேன்' என்று எழுதாதீர்கள். பட்டறைத் தண்ணீருக்கு வருவோம். ஒளி பட்டதும் தூளில் உண்டாகி சாயத்தை உடைப்பது ஹைட்ராக்சில் ராடிக்கல்; அதிலுள்ள குளோரைடு அதை விழுங்கும். கருத்த நீரில் ஒளியும் ஆழம் போகாது.

கேள்வி: வீட்டு டியூப்லைட் போதுமா?

பதில்: போதாது. அனடேஸுக்கு (டைட்டானியம் டை ஆக்சைடின் ஒரு படிக வடிவம்) சுமார் 390 நானோமீட்டருக்குக் கீழே, அதாவது புற ஊதா ஒளி வேண்டும். வெயிலிலேயே புற ஊதா சுமார் 5 சதவீதம்தான்.

கேள்வி: விலை குறைவு என்று, டைட்டானியம் டை ஆக்சைடுக்குப் பதில் ஜிங்க் ஆக்சைடு வாங்கலாமா?

பதில்: பி.எச். என்ன என்று எழுதவில்லையே! அமிலத்திலும் கடுங்காரத்திலும் கரையும், ஒளியிலும் அரிக்கும். அப்புறம் ஜிங்க்கை யார் எடுப்பது?

கேள்வி: திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். இந்த ஒளி முறை வந்தால் ஆர்.ஓ.வை (சவ்வு வழியே உப்பை வடிப்பது) நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. ரியாக்டிவ் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 50 கிராம் வாக்கில் உப்பு போடுகிறீர்கள். எந்த ஒளியும் அதைத் தொடாது. பட்டறைக் கழிவு போய்ச் சேர்ந்த, நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது நிறம் மட்டுமா? 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதை மறந்துவிட்டீர்களா? ஆர்.ஓ.வுக்கு முன்னால், மிச்சமிருக்கும் நிறத்தைக் குறைக்க வேண்டுமானால் யோசிக்கலாம்.

கேள்வி: தூளைத் திரும்ப எடுப்பது எப்படி? ஃபில்டர் தாளில் நிற்கவில்லை.

பதில்: 25 நானோமீட்டர் துகள் எப்படி நிற்கும்? கண்ணாடியில் பூசிப் பயன்படுத்துங்கள். வேகம் குறையும், பரவாயில்லை. பூசிய கண்ணாடியிலும் சாயம் ஒட்டும்; விளக்கைப் போடும் முன் அதற்கும் அரை மணி இருட்டு உண்டு.