ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா? இரண்டு மூட்டை சீமெந்து சொல்லும்

கேள்வி: வேகத்தடை தாண்டினால் என் சிறிய ஜப்பான் காரின் பின்பக்கம் தொட்டில் போல ஆடுகிறது. ஸ்பிரிங் பலம் போய்விட்டது, நான்கு ஸ்பிரிங்கும் நான்கு ஷொக் அப்சோபரும் மாற்ற வேண்டும் என்கிறார் கராஜ்காரர். வீட்டிலேயே சரிபார்க்க முடியுமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: முடியும். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பிரிங்கின் விறைப்பைத் தீர்மானிப்பவை கம்பியின் தடிப்பு, சுருளின் அகலம், சுருள்களின் எண்ணிக்கை. பழசானால் அது உயரம் குறைந்து அமரும். விறைப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆட்டத்தை அடக்குவது ஷொக் அப்சோபர். ஆடுகிறது என்று போனவரிடம் ஸ்பிரிங் விற்பது அநியாயம்.

சமதரையில் முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். பின்சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை அளவுநாடாவால் அளந்து குறியுங்கள். 50 கிலோ சீமெந்து மூட்டை இரண்டைப் பின் சீற்றை ஒட்டி டிக்கியில் வைத்து, காரை இருமுறை அமுக்கி விட்டபின் மறுபடி அளவுங்கள். இரு பக்கமும் 2.5 சென்ரிமீற்றர் இறங்கினால், சில்லுக்கு 50 கிலோ. அதாவது உங்கள் ஸ்பிரிங்கின் விறைப்பு சென்ரிமீற்றருக்கு 20 கிலோ. ஏற்றும்போதும் இறக்கும்போதும் அளந்து சராசரி எடுங்கள், மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் இறுகிப் பிடித்து அளவில் ஏமாற்றும்.

இந்த அளவு பொய் சொல்லும் இடம் ஒன்று உண்டு. ஸ்பிரிங் மிக அமர்ந்த காரில் உடல் ஏற்கெனவே பம்ப் ஸ்டொப் ரப்பரில் (கார் அளவுக்கு மீறி இறங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையில்) குந்தியிருக்கும். அப்போது மூட்டையைத் தாங்குவது ரப்பர். கார் அரை சென்ரிமீற்றர்தான் இறங்கும், நீங்கள் "நல்ல விறைப்பு" என்று நிம்மதியடைவீர்கள். ஆகவே அளக்குமுன் டோர்ச் அடித்துப் பாருங்கள். ரப்பருக்கும் அது முட்டும் இடத்துக்கும் நடுவே விரல் போகாவிட்டால் கணக்கை விடுங்கள், அந்த ஸ்பிரிங்கை மாற்றத்தான் வேண்டும். சுருள்களுக்கிடையே ரப்பர் வளையம் திணித்து "உயர்த்தித் தருகிறேன்" என்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள். சில சுருள்கள் வேலை செய்யாமல் போக, பாரம் மற்றவற்றில் விழும்.

இனி ஷொக் அப்சோபர். மூட்டைகளை இறக்கி, டிக்கியைத் தாளத்தோடு அமுக்கி, கீழே போன கணத்தில் கையை எடுங்கள். பக்கத்தில் அடிமட்டம் ஒட்டி, போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். நல்ல ஷொக்கானால் ஒருமுறை மேலே போய்த் திரும்பும்போது, முதல் அமுக்கத்தின் ஏழில் ஒரு பங்களவே தாழும். பாதிக்குப் பாதி தாழ்ந்தால் அதன் காலம் முடிந்தது.

கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் "ஜப்பான் ரீகண்டிஷன்" என்று வரும் பழைய ஷொக்குகளில் கவனம். துளையிட்டு எண்ணெய் விட்டு, ஒட்டி, கறுப்புப் பெயின்ற் பூசியவற்றை நானே வெட்டிப் பார்த்திருக்கிறேன். கராஜ் காட்டும் கடையில்தான் வாங்க வேண்டும் என்றால் அங்கே தரகு இருக்கிறது. 2020 முதல் 2025 வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் பழைய கார்களையே இழுத்து ஓடுகிறோம். ஆனால் வருடாந்த வரிப் பத்திரத்துக்குத் தனியார் காரிடம் புகைப் பரிசோதனை கேட்கிறார்களே தவிர, ஷொக்கை ஒருவரும் பார்ப்பதில்லை. இதை எத்தனை வருடம்தான் சொல்வது!

உங்களுக்குப் பின் ஷொக் சோடி மட்டும் போதுமென நினைக்கிறேன். புதிதாக வாங்குங்கள். பூட்டியபின் அதே வீடியோவை அங்கேயே மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.