குடும்பத்துக்காக என்று ஒரு பொய்

அன்புள்ள ஐயா,
தனியார் நிறுவனம் ஒன்றின் கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். வராத சரக்கை வந்ததாகப் பதிவேட்டில் ஏற்றிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். மறுத்தால் வேலை போய்விடும். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். எரிகோவில் இஸ்ரவேல் ஒற்றர்களைக் காப்பாற்ற ராகாப் பொய் சொல்லியும் வேதம் அவளைப் போற்றவில்லையா? குடும்பத்துக்காக நான் சொல்லும் பொய்யைக் கர்த்தர் மன்னிக்கமாட்டாரா?
- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ராகாபை விட்டுவிடுங்கள். அவள் தன் உயிரைப் பணயம் வைத்து இருவரை ஒளித்துவைத்தாள். உங்கள் பதிவேட்டுக்குள் யாரும் ஒளிந்திருக்கவில்லை. செய்யப்போகும் தவறுக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வைப்பது மனந்திரும்புதலும் ஆகாது. ஆனால் 'குடும்பத்துக்காக' என்று எழுதியிருக்கிறீர்களே, சில காலமாக என்னை உறுத்திவரும் சொல் அது.

ஆஸ்திரியாவில் சங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் பிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர் என்ற விவசாயி இருந்தார். ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளை வேலையும் பார்த்தார். நாட்டை ஜெர்மனியோடு இணைப்பதற்காக 1938 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில், அவ்வூரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. 1943இல் படைக்கு அழைத்தபோது, ஹிட்லருக்காக ஆயுதம் ஏந்தமாட்டேன் என்றார். பங்குத்தந்தையும் லின்ஸ் நகர ஆயரும்கூட, மனைவியையும் மூன்று பெண் குழந்தைகளையும் நினைத்துப் பார் என்றுதான் அவருக்குப் புத்தி சொன்னார்கள். மனைவி மக்கள் இருப்பதாலேயே இறைவனுக்கு விரோதமாக நடக்க ஒருவனுக்கு உரிமை வந்துவிடாது என்று அவர் எழுதினார். விலங்கிட்ட கைகளால் சிறையில் எழுதிய குறிப்பிலோ, கைகள் கட்டுண்டிருப்பது மனம் கட்டுண்டிருப்பதைவிட எவ்வளவோ மேல் என்றார். 1943 ஆகஸ்ட் 9 அன்று அவரைக் கொன்றார்கள்.

அவரைவிட அவருடைய மனைவி பிரான்சிஸ்காவையே நான் அதிகம் நினைக்கிறேன். தொடக்கத்தில் அவரும் கணவரின் மனத்தை மாற்றத்தான் முயன்றார். ஊரே எதிர்த்து நிற்கும்போது தானும் கைவிட்டால் அவருக்கு யாருமே இல்லை என்று உணர்ந்த பிறகு, அவர் பக்கம் நின்றார். கணவரை இழந்தபின் பழிச்சொல்லைச் சுமந்து, 1950 வரை விதவை ஓய்வூதியமும் கிடைக்காமல், நிலத்தில் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். 2007இல் லின்ஸ் பேராலயத்தில் கணவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டதை நேரில் கண்டார்.

உங்களைச் சாகச் சொல்லவில்லை, தம்பி. வேலை போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் அறியாதவனும் அல்லன்; அந்தப் பயத்தை நான் இழிவாக நினைக்கவில்லை. கோபம் வருவது வேறொன்றுக்காக. பிரான்சிஸ்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தெரிந்தே கணவரோடு நின்றார். உங்கள் மனைவியிடம் இதைச் சொன்னீர்களா? கடிதத்தில் அவர் ஒரு காரணமாக மட்டுமே வருகிறார். அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்காமலேயே அவர் பெயரில் ஒரு பொய்யை எழுதிவைத்துவிட்டு, அதற்கு அன்பு என்று பெயர் சூட்டுகிறீர்கள். பட்டினியை உங்களோடு பகிர்ந்துகொள்ளக்கூடியவர், உண்மையைப் பகிர்ந்துகொள்ளமாட்டார் என்று எப்படித் தீர்மானித்தீர்கள்?

இன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பின் அவரிடம் முழுவதையும் சொல்லுங்கள், எவ்வளவு சரக்கு, யார் கேட்டார்கள் என்பது உட்பட. அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள். அவர் சொன்னதையும் சேர்த்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.