அப்பத்தாவுக்கு மஞ்சள் கேப்சூலை நிறுத்தலாமா?

இன்றைக்கே நிறுத்துங்கள். மூட்டுவலிக்கு மஞ்சள் சாறு கேப்சூல் ஆரம்பித்து இரண்டு மாதத்தில் அரிப்பு, பசியின்மை, கட்டஞ்சாயா நிறத்தில் சிறுநீர் என்றால், கல்லீரலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

"காரைக்குடியில் மஞ்சள் போடாத குழம்பு உண்டா" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான், ஆனால் அளவு வேறு. மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமின், மஞ்சள்தூளில் சுமார் 3 சதவீதம்தான். 95 சதவீதம் குர்குமின் கொண்ட சாறு உள்ள 500 மில்லிகிராம் கேப்சூல் ஒன்று ஏறக்குறைய ஐந்து டீஸ்பூன் தூளுக்குச் சமம். கோழிக் குழம்புக்கு வீட்டுக்கே அரை ஸ்பூன்தானே போடுகிறோம்!

அட்டையில் 'பைப்பரின்' இருக்கிறதா என்று பாருங்கள். மிளகின் சத்து அது. 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்தபோது குர்குமின் உடலில் சேர்வது 20 மடங்கு கூடியது. விற்பவர்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான். சிக்கலும் அங்கேயே இருக்கலாம்.

நாளைக் காலையே கல்லீரல் ரத்தப் பரிசோதனை எடுங்கள்; அதில் பிலிரூபினும் (காமாலையைக் காட்டுவது) எஸ்.ஜி.பி.டி.யும் (கல்லீரல் பாதிப்பைக் காட்டுவது) முக்கியம். டாக்டரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள். 'மூலிகைதானே' என்று பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், ரத்தக்கசிவு ஆபத்து கூடும். அந்த மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேப்சூல்தான் காரணம் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல முடியாது. பித்தப்பைக் கல், வைரஸ் மஞ்சள் காமாலையும் இப்படித்தான் காட்டும். கண் மஞ்சளானாலோ, பேச்சு குழம்பினாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம். குழம்பு மஞ்சள் பற்றிப் பயம் வேண்டாம்.