எஞ்சின விடுங்க, பிரேக் ஆயில பாருங்க

ப்ரோ, அடுத்த மாசம் சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல ட்ரைவிங் ஸ்கூல், சொந்த கார்லதான் போறேன், எஞ்சின் ட்யூன் பண்ணிக்கணுமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டவே வேண்டாம், மொதல்ல பிரேக் ஆயில மாத்துங்க. டாட் 4ங்கிற வகை பிரேக் ஆயில் புதுசா இருந்தா 230 டிகிரி வரைக்கும் தாங்கும், ஆனா அது காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், நல்லா ஈரம் ஏறிட்டா 155லயே கொதிக்க ஆரம்பிச்சிடலாம், கொதிச்சா பிரேக் லைனுக்குள்ள ஆவிதான், மிதிச்சா அது அமுங்கிடும், பெடல் அப்படியே தரைக்கு போயிடும். எனக்கு மூணாவது ரவுண்டுலயே அப்படி ஆச்சு, இன்னிக்கு நெனச்சாலும் வயித்த கலக்குது. பிரேக் பேடும் தேயாம பாதிக்கு மேல இருக்கணும், வீல் நட்டு டைட்டா இருக்கான்னு பாருங்க. ஒரு ரவுண்டு 3.7 கிலோமீட்டர், 12 வளைவு, பிரேக் நல்லா சூடாகிடும், அதனால கடைசி ரவுண்ட மெதுவா ஓட்டி பிரேக்க ஆறவிட்டு உள்ள வாங்க, சூடா இருக்கறப்ப ஹேண்ட்பிரேக் போடாதீங்க, கியர்ல விட்டு நிறுத்துங்க.

சீட்ல முதுகு ஒட்டி உக்காந்து கைய நீட்டினா மணிக்கட்டு ஸ்டீயரிங் மேல படணும். மெல்லிசான சோல் உள்ள ஷூ போடுங்க. வளைவுல பம்பர் முன்னாடி இருக்கிற ரோட்ட பாக்காதீங்க, வெளிய வர்ற இடத்த பாருங்க, கை தானா அங்க போகும். தண்ணி நிறைய எடுத்துட்டு போங்க, அங்க வெயில் கொளுத்தும்.