டீச்சரைக் கேளுங்கள்: அரிசி மாவில் ஒரு பனிமனிதன்

மார்கழி பிறந்தால் போதும், எனக்கு வரும் கடிதங்களில் பனி கொட்ட ஆரம்பித்துவிடுகிறது. நர்சரிப் பள்ளிகள் எல்லாம் 'குளிர்கால வாரம்' கொண்டாடுகின்றன. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டி வறுத்தெடுக்கும் நம் வேலூரில், ஜனவரி விடியலில் 18 டிகிரிப் பக்கம் இறங்கினாலே பெரியவர்கள் மஃப்ளர் கட்டிக்கொண்டுதான் பால் வாங்க வருகிறார்கள். அந்த ஊரில் பனிமனிதனுக்கு எங்கே போவது என்று தாய்மார்கள் தவிக்கிறார்கள். இந்த இதழை அப்படியே மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிட்டேன். மற்ற கேள்விகள் பொங்கல் கழித்து.

என் மகன் எல்.கே.ஜி. படிக்கிறான். திங்கட்கிழமைக்குள் பனிமனிதன் செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். என் கணவர் தெர்மாகோல் வாங்கி வந்து ராத்திரியெல்லாம் அறுத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளை கிட்டே போனால், "கெட்டுவிடும், தள்ளி நில்" என்கிறார். பனியையே பார்க்காத குழந்தைக்கு இதெல்லாம் தேவையா, டீச்சர்?
– வாசகி, காட்பாடி

உங்கள் கணவர் நன்றாகத்தான் செய்வார் அம்மா, அவருக்கு முதல் பரிசுகூடக் கிடைக்கலாம். ஆனால் எல்.கே.ஜி. படிப்பது அவர் இல்லையே.

தெர்மாகோலைப் பரண்மேல் போடுங்கள். அதன் உதிரி மணிகள் மூக்கிலும் காதிலும் போவதற்கென்றே பிறந்தவை. வீட்டில் அரிசி மாவு இருக்கிறதல்லவா? எட்டுக் கரண்டி மாவுக்கு ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் ஊற்றிப் பையனையே பிசையச் சொல்லுங்கள். புட்டு மாவு போல, பிடித்தால் பிடிபட வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். உதிரியாகவே இருந்தால் இன்னும் அரைக் கரண்டி விடலாம். அவன் கையால் உருண்டை பிடித்ததும் தட்டோடு ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

எண்ணெய் தேங்காயெண்ணெயாகத்தான் இருக்க வேண்டும். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாமல், வெயிலில் வைத்துவிட்டுத் தலைவாருவதற்குக் காத்திருக்கிறோமே, அதே சங்கதிதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உருண்டை ஜில்லென்று கெட்டியாக இருக்கும். தொட்டுப் பார்க்கும்போதே பையன் முகம் மாறுவதைப் பாருங்கள். பத்து நிமிடம் கையில் வைத்திருந்தால் ஓரம் நெகிழும், அப்புறம் பொலபொலவென்று உதிரும். காஷ்மீரில் பனிமனிதனுக்கு வெயில் வந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் வாயால் விளக்கவே வேண்டாம்.

கண்ணுக்குக் கறிவேப்பிலை, மூக்குக்கு ஒரு துண்டு கேரட், தொப்பிக்குச் சின்ன மூடி. மிளகு வைக்காதீர்கள், அந்தக் கையாலேயே கண்ணைத் தேய்த்துக்கொள்வான். மாவு வாய்க்குப் போகாமலும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள், பச்சை மாவு வயிற்றுக்கு ஆகாது. அவன் இரண்டு உருண்டையோடு நிறுத்திவிட்டால், "மூன்றல்லவா இருக்க வேண்டும்" என்று திருத்தப் போகாதீர்கள். ஜப்பான் பிள்ளைகள் செய்யும் பனிமனிதனுக்கு இரண்டே உருண்டைதான்.

பள்ளிக்குக் கொண்டுபோவதற்குள் உதிர்ந்துவிடுமே என்று கேட்பீர்கள். உதிரட்டும். மாவை டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். வகுப்பிலேயே பிடித்துக் காட்டுவான். பனிமனிதன் நிற்க ஒரு அட்டைப் பலகை வெட்டித் தரும் வேலையை அப்பாவுக்குக் கொடுங்கள், அவர் மனமும் நோகாது.

ஐஸ்கட்டியை வைத்து விளையாட்டுக் காட்டலாம் என்று படித்தேன். என் அம்மா, "சளி பிடிக்கும், தொடவிடாதே" என்று வீட்டையே இரண்டாக்குகிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகர், சத்துவாச்சாரி

சளியைக் கொண்டுவருவது வைரஸ் கிருமி, தம்பி. பத்து நிமிடம் ஐஸைத் தொட்டதால் அது வந்துவிடாது. இழுப்பு உள்ள குழந்தை என்றால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். அம்மாவிடம் வாதாடாமல் பகல் பதினொரு மணிக்கு, வெயில் விழும் வாசற்படியில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் வந்து உட்காருவார்கள்.

பழைய கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, செம்பருத்தி இதழ், வேப்பிலை, சாமந்தி எதையாவது போட்டு ஃபிரீசரில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் கட்டியைத் தாம்பாளத்தில் கவிழ்த்து இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். எடுத்தவுடன் ஈரக் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிள்ளையிடம் ஒரு ஸ்பூனும் கொஞ்சம் கல் உப்பும் கொடுங்கள். உப்பு விழுந்த இடத்தில் ஐஸ் சிறு சிறு குழியாக இறங்கும், காது கொடுத்தால் படபடவென்று வெடிக்கும் சத்தமும் கேட்கலாம். அந்தக் குழிகளில் பீட்ரூட் சாறு ஒரு சொட்டு, மஞ்சள் கரைத்த தண்ணீர் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். சாயம் ஐஸுக்குள் வேர் விட்டுக்கொண்டு இறங்கும். உப்பு கலந்த தண்ணீர் 0 டிகிரியில் உறைவதில்லை என்பதுதான் காரணம். நான்கு வயதுக்கு அது புரிய வேண்டியதில்லை, இன்னொரு பிடி உப்பு கேட்டால் போதும்.

ஒரே ஒரு கண்டிப்பு: உப்பு போட்ட ஐஸைக் கையில் பிடிக்க விடாதீர்கள். குல்பிக்காரர் பானைக்குள் ஐஸோடு உப்பையும் கொட்டிக் குல்பியை இறுக வைப்பது இதை நம்பித்தான். வெறும் ஐஸைவிட அது மிகக் குளிர்ந்துபோகும், தோலைப் புண்ணாக்கிவிடும். உப்பு ஆட்டம் முழுக்க ஸ்பூனால்தான்.

எங்கள் மையத்தில் ஃபிரிட்ஜ் கிடையாது, கலர் பேப்பர் வாங்கக் காசும் கிடையாது. மலையடிவாரம் என்பதால் குளிர் மட்டும் நிறைய இருக்கிறது. அதை வைத்து என்ன சொல்லிக்கொடுக்கலாம், டீச்சர்?
– அங்கன்வாடிப் பணியாளர், ஒடுகத்தூர் பக்கம்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காட்பாடி அம்மா ஃபிரிட்ஜுக்குள் தேடுவது, ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி உங்கள் வாசலுக்கே வருகிறதே!

சாயங்காலம் மையத்தைப் பூட்டும்போது இரண்டு கற்பலகைகளை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். ஒன்று திறந்த வெளியில் புல்மேல், இன்னொன்று வேப்பமரத்தடியில். காலையில் சீக்கிரம் வரும் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். வெட்டவெளிப் பலகை முத்து முத்தாக நனைந்திருக்கும், மரத்தடிப் பலகை அநேகமாகக் காய்ந்திருக்கும். மேகமில்லாத, காற்றடிக்காத இரவாக இருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். திறந்த வானத்தின் கீழே இருப்பது சூட்டை இழந்து சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. மரத்தடியில் கிளையும் இலையும் அந்தச் சூட்டை அவ்வளவு எளிதாக விடுவதில்லை. "ராத்திரி யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டார்கள்" என்று ஒரு பிள்ளை கட்டாயம் சொல்லும். உடனே மறுக்காதீர்கள். "அப்படியானால் மரத்தடியில் ஏன் ஊற்றவில்லை?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பால்வாடியில் வேலை பார்த்த காலத்தில் நான் சிரமப்பட்டுப் பழகிய வித்தை, இந்தப் பேசாமல் இருப்பதுதான்.

நனைந்த பலகையில் விரலால் படம் போடலாம், பலப்பம் வேண்டாம். பக்கத்தில் நிற்கும் பைக்கின் சீட்டும் நல்ல பலகைதான், சொந்தக்காரர் வருவதற்குள். அறுகம்புல் நுனியில் சொட்டைப் பார்க்கலாம், வேலியில் சிலந்தி வலை நனைந்து வெள்ளையாகத் தெரிவதையும் பார்க்கலாம்.

வண்ணத்துக்குச் செம்பருத்தி போதும். இதழைக் காகிதத்தில் அழுத்தித் தேய்த்தால் ஊதா இறங்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் கண்ணெதிரே இளஞ்சிவப்பாக மாறும். பூசணிப்பூவின் மகரந்தத்தைத் தேய்த்தால் மஞ்சள். மார்கழி வாசலில் கோலத்தின் நடுவே வைக்கும் பூசணிப்பூவை, சாணிக்குப் பதில் களிமண் உருண்டையில் செருகக் கொடுங்கள். சாணிதான் கிடைத்தது என்றால் தவறில்லை, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள்.

மேலதிகாரி வந்து, "சார்ட்டில் பனிமனிதன் படம் இருக்கிறதே" என்று கேட்டால், நனைந்த பலகையைக் காட்டுங்கள்.

என் பேரனுக்கு மூன்றரை வயது. பசை, மண், வண்ணம் எது கையில் பட்டாலும் அழுதுகொண்டு தொட்டிக்கு ஓடுகிறான். மற்றப் பிள்ளைகள் எல்லாம் விளையாடும்போது இவன் மட்டும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான்.
– ஒரு பாட்டி, குடியாத்தம்

அவனை அந்தப் பசைக்குள் இழுக்காதீர்கள் அம்மா. "ஒன்றும் ஆகாது, தொடு" என்று கையைப் பிடித்து அமுக்கினால் அடுத்த முறை இன்னும் தூரமாக ஓடுவான்.

இப்போது மொச்சைக்காய் காலம். உங்கள் வீட்டில் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்காமல் மார்கழி போகாது என்று நினைக்கிறேன். ராத்திரி ஊறப்போட்ட மொச்சையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்காருங்கள். கூப்பிட வேண்டாம். நீங்கள் ஒன்றை எடுத்து இரண்டு விரலால் அமுக்குங்கள். தோல் விரலில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பறக்கும். வேண்டுமென்றே ஒன்றிரண்டு தரையில் போய் விழட்டும். அவன் சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வழுவழுப்பு இருக்கிறது, ஆனால் கையில் ஒட்டாது. நினைத்தால் உதறிவிடலாம். பக்கத்தில் ஈரத்துணி ஒன்று மடித்து வைத்திருங்கள், துடைத்துக்கொள்ள வழி இருக்கிறது என்று தெரிந்தால்தான் தொடுகிற தைரியம் வரும். முதல் நாள் ஒரு பருப்போடு எழுந்து போனாலும் சரி. பச்சை மொச்சை வாய்க்குள் போகாமல் மட்டும் பக்கத்திலேயே இருங்கள்.

சோறு பிசைந்து சாப்பிடவும் சில துணிகளை உடுத்தவும்கூட இப்படியே அழுகிறான் என்றால், குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை சொல்லிவைப்பது நல்லது. பயப்படுவதற்கில்லை, அதற்கென்றே பயிற்சி தருபவர்கள் இருக்கிறார்கள்.

பனிப்பூ வெட்டச் சொன்னார்கள். காகிதத்தை மடித்து மடித்துக் கொடுத்தால், என் மகளால் கத்தரிக்க முடியவில்லை. அவளுக்குக் கை பலம் குறைவா?
– வாசகி, வாலாஜா

பன்னிரண்டு மடிப்புக் காகிதத்தை உங்களால் வெட்ட முடிகிறதா என்று முதலில் பாருங்கள்! நான்கு வயதுக் கைக்கு அது தகாத வேலை. மூன்று ஐஸ்கிரீம் குச்சிகளை நடுவில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் ஆறு கை வந்துவிடுகிறது. மைதாப் பசை தடவி ரவையைத் தூவச் சொல்லுங்கள். நீர் உறையும்போது அறுகோணமாக அணிவகுப்பதால் பனிப்பூவுக்கு ஆறு கை. நடுவில் ஒரு புள்ளி, சுற்றி ஆறு புள்ளி வைத்தால் நம் வாசல் கோலத்திலும் அதுவே வரும். வெண்டைக்காயை நறுக்கி அச்சு வைப்பதும் அழகுதான், ஆனால் அதற்குப் பெரும்பாலும் ஐந்து மூலை. பனிப்பூ என்று ஏமாற்றாதீர்கள், எண்ணிவிடுவாள்.

வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறது. பெரியவளின் விளையாட்டுச் சாமான்களில் எதை ஒதுக்க வேண்டும்?
– வாசகர், ஆம்பூர்

பட்டன் பேட்டரி போட்ட மின்னும் விளக்குகள் முதலில் வெளியே போகட்டும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும், வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகள் வயிற்றுக்குள் போய்ப் பெருத்துக் குடலை அடைக்கும். பல்லாங்குழிப் பெட்டியில் குன்றிமணி இருந்தால் எடுத்துவிடுங்கள், கடித்தால் கொடிய விஷம். முழு நிலக்கடலை, புளியங்கொட்டை, பலூன் துண்டு மூன்றும் தொண்டையில் சிக்கும்.

பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டில் நான்கு வாண்டுகள் கூடிவிடும். போகிக்குக் கடையில் மேளம் வாங்கிக் கொடுத்தால் மத்தியானத்துக்குள் கிழித்துவிடுகிறார்கள். வீட்டிலேயே செய்யலாமா?
– வாசகி, ராணிப்பேட்டை

தாராளமாக. காட்பாடியை அடுத்த கரிகிரி மண்பாண்டத்துக்குப் பெயர் போன ஊர். பொங்கல் பானை வாங்கப் போகும்போது வாயகன்ற சின்னச் சட்டி நான்கும், கெஞ்சிக் கேட்டு ஒரு உருண்டைக் களிமண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டி உடையும் என்று பயந்தால் தகர டப்பா, விளிம்பை மட்டும் தட்டி மழுக்கிவிட வேண்டும். பழுப்புக் காகிதத்தை வாயைவிடப் பெரிய வட்டமாக வெட்டித் தண்ணீரில் நனைத்து, மைதாப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு ஒட்டுங்கள். பிசைவதும் தடவுவதும் பிள்ளைகள், இழுத்துக் கட்டுவது நீங்கள். ஈரமாக இருக்கும்போது தொய்ந்துதான் தெரியும். வெயிலில் காயக் காய காகிதம் சுருங்கித் தானே இறுகிக்கொள்ளும். அதனால் போகிக்கு முந்தைய நாள் காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். காய்வதற்குள் தட்டிப் பார்க்க ஒருவன் வருவான், அவனைக் களிமண்ணோடு உட்கார வையுங்கள்.

டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்கும் தெருவுக்கு மட்டும் மேளத்தோடு அனுப்ப வேண்டாம். கிழிந்தால் மறுபடி ஒட்ட, மிச்சக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். பசையை மட்டும் அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள், இரண்டாம் நாள் புளித்து நாறும்.