ஜெர்மனிக்குப் போகிறீர்களா? கடை, சாப்பாடு, பழக்கவழக்கம் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: மேடம், சனிக்கிழமை இரவு மியூனிக்கில் இறங்குகிறோம். கூட இரண்டு சின்னக் குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமை பால், ரொட்டி வாங்கக் கடை திறந்திருக்குமா?

பதில்: ஊருக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டுகள் திறந்திருக்காது. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களும் கடைகளுக்குச் சட்டப்படி விடுமுறை. மியூனிக் இருக்கும் பவேரியாவில் மற்ற நாட்களிலும் பொதுவாக இரவு எட்டு மணிக்குக் கடையை மூடிவிடுவார்கள். அதனால் விமான நிலையத்துக்குள் இருக்கும் சூப்பர் மார்க்கெட்டிலேயே பால், ரொட்டி, பழம், தண்ணீர் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். அது தவறினால் பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்க் கடைகளும் இருக்கின்றன, விலைதான் கூடுதல். பேக்கரிகள் பல ஞாயிறு காலையில் சில மணி நேரம் திறக்கும். உணவகங்களுக்கு இந்தத் தடை கிடையாது.

ஈஸ்டர் சமயத்தில் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். புனித வெள்ளி, ஞாயிறு, ஈஸ்டர் திங்கள் மூன்றும் விடுமுறை. நடுவில் சனிக்கிழமை ஒரு நாள்தான் கடை. அன்றைக்கு ஊரே வரிசையில் நிற்கும். கிறிஸ்துமஸுக்கு டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் மூடல், 24ஆம் தேதி மதியத்தோடு முடிந்துவிடும்.

கேள்வி: தண்ணீர் பாட்டில் விலை 19 சென்ட் என்று போட்டிருந்தது, பில்லில் 44 சென்ட். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. கூடுதல் 25 சென்ட் பாட்டிலுக்கான முன்பணம், 'ஃபாண்ட்' என்பார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட். திரும்பத் திரும்ப நிரப்பும் பீர் பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட், நிரப்பி விற்கும் தண்ணீர் பாட்டிலுக்கு 15 சென்ட். ஒயின் பாட்டிலுக்குப் பெரும்பாலும் கிடையாது.

காலி பாட்டிலை சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் இயந்திரத்தில், அடிப்பாகம் முதலில் போகும்படி வையுங்கள். முடிந்ததும் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அதே கடையின் கவுண்டரில் கொடுத்தால் பணம் கிடைக்கும். இயந்திரம் பாட்டிலைத் துப்பினால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான்: நசுக்கியிருப்பீர்கள், லேபிள் கிழிந்து பார்கோடு போயிருக்கும், அல்லது பக்கத்து நாட்டில் வாங்கிய பாட்டிலாக இருக்கும். வாங்கிய கடையிலேயே திருப்ப வேண்டும் என்பதில்லை, ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலைப் பெரிய கடை எதுவும் வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: பில் போடும் இடத்தில் அவசரப்படுத்துகிறார்களே அக்கா, பையில் எடுத்து வைக்கக்கூட நேரம் தருவதில்லை.

பதில்: அங்கே வேகம்தான் வழக்கம், உங்கள் மேல் கோபம் இல்லை. பையை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கனமானதை பெல்ட்டில் முன்னால் வையுங்கள், ரொட்டி, முட்டை கடைசியில். பின்னால் நிற்பவருடைய சாமானுக்கும் உங்களுடையதுக்கும் நடுவில் தடுப்புக் கட்டையை வைப்பது மரியாதை. பில் ஆனதை எல்லாம் தள்ளுவண்டியிலேயே போட்டுக்கொண்டு பணம் கட்டிவிட்டு, சுவரோரம் இருக்கும் மேடையில் நிதானமாக அடுக்குங்கள். தள்ளுவண்டியைக் கழற்ற ஒரு யூரோ நாணயம் தேவைப்படலாம். வண்டியைத் திரும்பப் பூட்டினால் நாணயம் வந்துவிடும். சில கடைகளில் காய்கறியை நீங்களே எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். காய்கறிப் பகுதியில் தராசு கண்ணில் பட்டால் ஒட்டிவிட்டே வரிசைக்கு வாருங்கள்.

கேள்வி: கிரெடிட் கார்டு போதுமா?

பதில்: போதாது. சூப்பர் மார்க்கெட்டில் செல்லும். சின்ன பேக்கரி, சந்தை, சில உணவகங்களில் ரொக்கம்தான், அல்லது ஜெர்மன் வங்கி அட்டை மட்டும். ஆளுக்கு 50 யூரோவாவது சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

பதில்: நிச்சயமாக இல்லை. பேக்கரியும் உருளைக்கிழங்குமே பாதி நாளைத் தள்ளிவிடும். ஆனால் பார்வைக்குச் சைவமாகத் தெரிவதை நம்பாதீர்கள். வறுத்த உருளைக்கிழங்கில் பன்றிக்கொழுப்புத் துண்டு சேர்ப்பது சகஜம், பருப்பு சூப்பில் சாசேஜ் வரும், சிவப்பு முட்டைக்கோஸைப் பன்றிக்கொழுப்பில் வதக்குவதும் உண்டு. 'ஓனே ஃப்ளைஷ்' என்றால் இறைச்சி இல்லாமல், 'ஓனே ஷ்பெக்' என்றால் அந்தப் பன்றிக்கொழுப்பு இல்லாமல். இரண்டையும் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் சொன்னால் மற்றது வந்து சேர வாய்ப்பிருக்கிறது.

கேஸெஷ்பேட்ஸ்லெ என்ற பாலாடைக்கட்டி நூடுல்ஸில் இறைச்சி இல்லை, மாவில் முட்டை உண்டு. ஆப்பிள் கூழோடு தரும் உருளைக்கிழங்கு அடை அருமையானது, அதிலும் பெரும்பாலும் முட்டை இருக்கும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை போகிறவர்கள் வெள்ளை அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய்கறியைத் தவறவிடாதீர்கள், கூட வரும் ஹாம் என்ற பன்றி இறைச்சியைத் தவிர்த்து வெண்ணெயும் உருளைக்கிழங்கும் மட்டும் கேளுங்கள். ஜெல்லி மிட்டாய்கள் பலவற்றில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். குழந்தைகள் கையில் கொடுக்கும் முன் பாக்கெட்டைத் திருப்பி 'கெலட்டீனெ' என்ற சொல்லைத் தேடுங்கள், அல்லது 'வீகன்' என்று எழுதியதை வாங்குங்கள்.

கேள்வி: உணவகத்தில் தண்ணீர், டிப்ஸ்?

பதில்: தண்ணீர் கேட்டால் காசுக்கு சோடாத் தண்ணீர் வரும். சாதாரணத் தண்ணீருக்கு 'ஷ்டில்லெஸ் வாஸர்' என்று கேளுங்கள், அதற்கும் காசு. தங்கும் அறைக் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது; பாட்டிலில் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

டிப்ஸ் ஐந்திலிருந்து பத்து சதவீதம், பணம் கொடுக்கும்போதே சொல்வது வழக்கம். பில் 27.40 என்றால் 50 யூரோ நோட்டைக் கொடுத்து 'ட்ரைசிஷ்', அதாவது முப்பது என்றால் 20 யூரோ திரும்பும். நோட்டை நீட்டும்போதே 'டாங்கெ' என்று நன்றி சொன்னால், மீதியை வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். மீதி கைக்கு வந்த பிறகு நன்றி சொல்லுங்கள்.

கேள்வி: ஸோலிங்கன் கத்தி, சமையல் பாத்திரம் வாங்கப் போகிறேன். வரியைத் திரும்பப் பெறுவது எப்படி?

பதில்: பலர் கோட்டைவிடும் இடம் இது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவராக இருக்க வேண்டும். அங்கே படிக்கும் உறவினர் பெயரில் வாங்கினால் கிடைக்காது. வாங்கிய தொகை 50 யூரோவைத் தாண்ட வேண்டும். கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்குங்கள். வாங்கிய மாதம் முடிந்து மூன்று மாதத்துக்குள் பொருள் ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும்.

இனி விமான நிலையம். கத்தியைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது, பெட்டியில்தான் வைக்க வேண்டும். பெட்டி பெல்ட்டில் போய்விட்டால் சுங்கத்தில் காட்ட எதுவும் இருக்காது, முத்திரையும் கிடைக்காது. ஆகவே செக்-இன் கவுண்டரில் 'பெட்டியில் வரித்திரும்பல் பொருள் இருக்கிறது' என்று முதலிலேயே சொல்லுங்கள். டேக் ஒட்டிப் பெட்டியை உங்களிடமே தருவார்கள். அதைச் சுங்கத்துக்கு எடுத்துப்போய் பொருள், பில், படிவம், பாஸ்போர்ட் காட்டி முத்திரை வாங்கிய பிறகு பெட்டியை அங்கே ஒப்படைக்கலாம். அடுத்து, வரித்திரும்பல் கவுண்டரில் பணம். பொருள் பயன்படுத்தாததாக, எளிதில் எடுக்கும்படி மேலாக இருக்கட்டும். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

பொது வரி 19 சதவீதம், ஆனால் அது விலைக்குள் அடங்கியது. 119 யூரோ கொடுத்திருந்தால் அதில் வரி 19 யூரோ. வரியைத் திருப்பித் தரும் நிறுவனத்தின் கமிஷன் போக மிச்சம்தான் உங்களுக்கு. உணவுப் பொருளுக்குப் பெரும்பாலும் 7 சதவீதம்தான் வரி.

கேள்வி: குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. சிவப்பு 'ஏ' எழுத்துப் பலகை போட்ட 'அபோதேகே' என்ற மருந்துக்கடையில் மட்டும்தான். டிஎம், ரோஸ்மான் போன்ற கடைகளில் சோப்பு, டயப்பர், வைட்டமின்தான். இரவிலும் ஞாயிறிலும் முறை வைத்து ஒரு மருந்துக்கடை திறந்திருக்கும். எது என்று மூடிய மருந்துக்கடையின் கதவில் எழுதியிருக்கும். சிறு கூடுதல் கட்டணம் உண்டு.

கேள்வி: கணவரின் அலுவலக நண்பர் வீட்டில் விருந்து. அடுத்த நாள் அவருக்குப் பிறந்தநாள். முன்கூட்டியே வாழ்த்தி கேக் கொண்டுபோகலாமா?

பதில்: முன்கூட்டி வாழ்த்தாதீர்கள், அங்கே அது துரதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை வலுவானது. கேக்குக்குப் பதில் பூங்கொத்து அல்லது சாக்லேட் போதும். பூவைச் சுற்றிய காகிதத்தைப் பிரித்துவிட்டுக் கொடுங்கள். ஏழு மணி என்றால் ஏழு மணிக்கு மணியை அடியுங்கள். பத்து நிமிடம் தாமதமானால் செய்தி அனுப்புங்கள், முன்னதாகவும் போகாதீர்கள். கிளாஸைத் தட்டும்போது ஒவ்வொருவர் கண்ணையும் பார்க்க வேண்டும், ஜூஸ் குடித்தாலும் அப்படித்தான். பிறந்தநாள் வாழ்த்தை மறுநாள் காலையில் அனுப்புங்கள்.